பாவுச் சந்து ஜன்னல்

அத்தியாயம் பதினொன்று

டாக்டர் லில்லி அந்த வார்த்தையைச் சொல்லி இன்றோடு எட்டு நாள் ஆகிறது. போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உமாபதி முதலியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் காதில் அது இன்னும் இருக்கிறது.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காசநோய் இல்லை" என்றார் டாக்டர்.

வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷத்து இருமல். நம்மால் பெண்ணுக்கு வரன் தட்டிப் போகுமோ என்று மூன்று வருஷமாக முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமியவள் அவள்.

"இது புகையால வந்தது. விறகுப் புகை" என்று டாக்டர் தொடர்ந்தார். "இன்னும் ரெண்டு வருஷம் அதே அடுப்படியிலேயே இருந்தாங்கன்னா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. படியேறவே மூச்சு வராது. ஏன், சமையலறையில ஜன்னல் கிடையாதா?"

"கிடையாதும்மா" என்றார் உமாபதி. "பாட்டன் காலத்து வீடு. கட்டும்போதே வைக்கல."

வடிவாம்பாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் முந்திக்கொண்டது. அதற்குள் டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் அன்றிலிருந்து ஒரே பேச்சு, காற்று.

பட்டுத்தறி வைத்திருக்கிறவர்களுக்குக் காற்று என்றாலே ஆகாது. காற்றடித்தால் இழை உலர்ந்து அறுந்துபோகும். தூசி வந்து ஜரிகையில் உட்காரும். கதவைச் சாத்திக்கொண்டு நெய்தே ஐம்பது வயதை எட்டிய மனிதர், இப்போது காற்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். ராஜவீதியில் விசாரித்தார். பட்டணம் போன இடத்திலும் விசாரித்தார். பெண்டாட்டிக்காக அலைகிறார் என்று தெருவில் நல்ல பெயர்கூட வந்தது.

மகள் ஏலவார்குழலிக்கு வயது இருபது. தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பவள், சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறவள். அவள் ஒரு யோசனை கொண்டுவந்தாள்.

"ஏனாத்தூர்ல என் சிநேகிதி வீட்ல கிராம சேவிகா வந்து புகையில்லா அடுப்பு போட்டுக் குடுத்திருக்காங்கப்பா. மண்ணு அடுப்புதான். பின்னால ஒரு குழாய், அது ஓட்டுக்கு மேல போவுது. உள்ள புகையே இல்ல."

"ஓட்டைப் பிரிச்சா மழைக்கு ஒழுகும். ஒழுகினா தறி இன்னா ஆவுறது?"

"அப்ப மண்ணெண்ணெய் ஸ்டவ்?"

"அந்த வாடை பட்டுல ஏறிச்சுன்னா சேலையை எவன் தொடுவான்?"

கடைசியில் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று முடிவானது. பட்டணத்தில் ஓர் ஓட்டல் சுவரில் அது சுழல்வதை உமாபதி பார்த்துவிட்டு வந்திருந்தார். உள்ளே நாற்பது பேருக்குச் சமையல் நடக்கிறது, ஒரு பொட்டுப் புகை இல்லை. ஒன்பது அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா என்று இரண்டு நாள் விவாதம். பன்னிரண்டே வாங்கினார். தெருவில் முதல் எக்ஸாஸ்ட் ஃபேன் நம் வீட்டில்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

"அம்மாவைக் கேட்டீங்களா?" என்றாள் குழலி.

"அவளுக்கு இன்னாம்மா தெரியும் மிஷினைப் பத்தி?"

வடிவாம்பாள் நாலடி தள்ளி உட்கார்ந்து உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது. குழவி நிற்கவில்லை. இந்த இடத்தை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது, ஆனாலும் நடந்ததைத்தானே எழுத வேண்டும்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் பரசுராமன் வந்தான். உளி, சுத்தி, ஒயர் சுருள், வாய் நிறைய வெற்றிலை.

"கரண்டு இருக்கிற நேரத்துல ஜோரா ஓடும் மொதலியாரே. கரண்டு எப்ப இருக்கும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான். காலைச் சமையல் முடிந்து அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்படியும் அவனுக்குக் கண் எரிந்தது.

"இன்னாக்கா, இதுக்குள்ளயா சமைக்கிறே?"

"பழகிப்போச்சுப்பா" என்றாள் வடிவாம்பாள்.

அந்த அடுப்படியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் தறிக்கூடம். பின்பக்கம் சாமான் அறை. இடப்பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. மிச்சம் இருப்பது வலப்பக்கச் சுவர் ஒன்றுதான். அதற்கு வெளியே இருப்பது பாவுச் சந்து. விடிவதற்கு முன்னால் தெருக்காரர்கள் பாவை, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டு இழைகளை, அந்தச் சந்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துப் போவார்கள். எட்டு மணிக்கு மேல் அங்கே ஆடு மாடுதான் நிற்கும்.

"சாமான் ரூம் பக்கமா ஓட்டை போடேன்" என்றார் உமாபதி.

"புகையை அரிசி மூட்டைக்கா அனுப்புறது? சந்துப் பக்கந்தான் சரி."

"அப்ப மேல போடு. அதோ, அந்த மூலையில."

"அங்க உத்தரம் வந்து உக்காந்துக்கினு இருக்குது மொதலியாரே. கை வச்சா ஓடு இறங்கிடும்." பரசுராமன் சுத்தியின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடுவுக்கு வந்தான். சத்தம் மாறியது. மறுபடியும் தட்டினான். "இங்க ஒரு மாதிரி கேக்குதே."

"அங்க வாணாம்" என்றார் உமாபதி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஏம்ப்பா?" என்றாள் குழலி.

"வாணாம்னா வாணாம். சுவரு வலு இல்ல அங்க."

பரசுராமன் அவரையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். வடிவாம்பாள் அம்மிக்குப் பக்கத்தில் நின்றபடி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பரசுராமா, அங்கயே தட்டுப்பா" என்றாள். "மேல் பூச்சு வந்ததும் மரம் தெரியும். பாத்துத் தட்டு, நல்ல தேக்கு."

உளி நாலு முறை இறங்கியது. புகையேறிக் கறுத்திருந்த பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஒரு மரச்சட்டம். இன்னும் கொஞ்சம் பெயர்த்ததும் பக்கவாட்டிலும் சட்டம். நடுவில் செங்கல் அடுக்கு.

"அடேயப்பா, ஜன்னலு" என்றான் பரசுராமன். "ஏற்கெனவே இருந்த ஜன்னலை அடைச்சிருக்காங்க. யாரு மொதலியாரே இந்த வேலையைச் செஞ்சது?"

உமாபதி தலையைக் குனிந்துகொண்டார். அவமானம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். நாலு பேர் திட்டினால் வருவது ஒன்று. யாருமே திட்டாதபோது வருவது இன்னொன்று. இது இரண்டாவது. காது மடல் சுட்டது. டாக்டரிடம் சொன்ன பொய் எட்டு நாளாக அவருக்குள்ளேயே இருந்தது, இப்போது செங்கல்லும் சட்டமுமாக எல்லார் கண் முன்னாலும் நின்றது.

"நம்ம வீட்ல ஜன்னல் இருந்துச்சா?" என்று கேட்ட குழலி, கேட்டு முடிப்பதற்குள் தானே நிறுத்திக்கொண்டாள். அம்மியின் மேல் ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தது ஞாபகம் வந்தது. சந்து நீளத்துக்கும் கிளிப்பச்சைப் பாவு. கஞ்சி வாசனை. யாரோ அவளைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டியது. இருந்தது. அவள் பார்த்திருக்கிறாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அவளுடைய பன்னிரண்டாவது வயதில், அம்மாவைப் பெற்ற ஆயா மாகறலில் செத்துப்போனாள். அம்மாவும் அவளும் பதினாறு நாள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியபோது ஜன்னல் இல்லை. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மறந்தாள். எட்டு வருஷமாக அந்தச் சுவருக்கு முன்னால் சோறு சாப்பிட்டிருக்கிறாள்.

வாரம் முழுக்க அப்பாவிடம் அம்மாவுக்காக வாதாடியவளுக்கு, தனக்கும் இதில் பங்கு உண்டு என்று தோன்றியதும் அழுகை வந்தது.

"அம்மா, நீ ஏம்மா சொல்லல?"

"கேட்டேன், வந்த அன்னிக்கே. ஜன்னல் எங்கங்கன்னேன். புகை பாவுல படுது, தெரு கூடி அடைக்கச் சொல்லிடுச்சு, வேற வழியில்லன்னாரு." வடிவாம்பாள் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "தெரு சொல்லிச்சுன்னா நாம இன்னா பண்றது? பாவுதானே எல்லாருக்கும் சோறு. அதான் விட்டுட்டேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. புருஷனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று என்று எட்டு வருஷமாக நம்பி, அந்த நம்பிக்கையிலேயே புகையைத் தின்றவள். உமாபதிக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆனால் போகவும் முடியவில்லை.

*

செங்கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதினோராவது செங்கல் வெளிப்பக்கம் சந்தில் விழுந்ததும் வெளிச்சம் உள்ளே வந்தது. அடுப்படி எவ்வளவு கறுப்பு என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பித்தளைக் குடத்துக்கு மேலே சுவரில் புகைக்கரி கோடுகோடாக இறங்கியிருந்தது. வடிவாம்பாளின் கண்ணுக்குக் கீழேயும் அதே நிறம் இருப்பதை உமாபதி பார்த்தார். இத்தனை நாள் அதை வயசு என்று நினைத்திருந்தார்.

"யாருய்யா அது, சந்துல கல்லைத் தள்றது?"

வெளியே மயில்வாகனத்தின் குரல். உமாபதியின் பெரியப்பா மகன், சந்துக்கு எதிர்வீடு, தெருவில் எல்லா வழக்குக்கும் முதல் ஆள். மனிதர் நல்லவர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அன்றைக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

ஓட்டையில் அவர் முகம் தெரிந்தது.

"அட, பழைய ஜன்னலைத் தொறக்கறீங்களா? நல்ல காரியம். எப்படிம்மா இருக்குது உடம்பு?"

"இருக்குது மாமா" என்றாள் வடிவாம்பாள்.

"இல்ல, ஃபேன் மாட்டப் போறோம்ணா" என்று உமாபதி அவசரமாகச் சொன்னார். "புகை வேகமாப் போயிடும்."

"போயி? எதிர்ல என் பாவு மேலதானே உக்காரும்? நாளைக்கு விடியக்காலம் வெள்ளைப் பாவு போடறேன்பா. கல்யாணச் சேலை."

"நீங்க போங்கண்ணா, சாயங்காலம் வந்து பேசறேன்."

"இதுல பேச இன்னா இருக்குது? நான் அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும்." மயில்வாகனம் ஓட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "எட்டு மணி வரைக்கும் அடுப்பைப் பத்த வைக்காதே, நாங்க பாவைச் சுருட்டிக்கினு போனப்பறம் நீ யாகமே வளத்துக்கோ, யாரு கேக்கப்போறாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஜன்னலை அடைன்னு தெருவுல யாரு சொன்னாங்க? எங்களுக்கு ரெண்டு மணி நேரந்தான் வேண்டியிருந்துச்சு. நீதான் கேக்கல."

"அண்ணா..."

"ஆறு மணிக்குக் காபி இல்லாம எனக்குத் தறியில கை ஓடாது, அதுக்கு ஜன்னலையே அடைச்சிட்டுப் போறேன்னு மறுநாளே கொத்தனாரைக் கூட்டியாந்தே. வடிவு ஊருக்குப் போயிருக்குது, வந்ததும் கேட்டுக்கினு செய்யேன்டான்னுகூட சொன்னேன். ஞாபகம் இல்லியா?"

அவருக்கு உள்ளே இருட்டாக இருந்ததால் முகங்கள் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பார்.

பரசுராமன் உளியை எடுத்துத் துணியில் சுற்றத் தொடங்கினான். குழலி அப்பாவைப் பார்க்காமல், கீழே கிடந்த செங்கல்லைப் பார்த்தாள். அவளும் தினம் ஆறு மணிக்குக் காபி குடிப்பவள்தான்.

வடிவாம்பாள் கேட்டாள். "மாமா, ரெண்டு வழி இருந்துச்சா?"

"இருந்துச்சேம்மா. சொல்லலியா உன்கிட்ட?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். இருமல் வந்தது. இந்த முறை முந்தானையை எடுக்கவில்லை. எல்லார் முன்னாலும், சந்துக்கும் கேட்கும்படி, வாயைத் திறந்து இருமினாள். ஏலவார்குழலி ஓடிப்போய் முதுகைத் தடவினாள். அது நிற்க வெகுநேரம் ஆயிற்று. மயில்வாகனம் ஏதோ புரிந்தவராக முழங்கையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தன் வீட்டுக்குப் போனார்.

ஒரு டம்ளர் காபி. உமாபதி கணக்குப் போட்டுப் பார்த்தார், வேண்டாமென்று நினைத்தும் மனம் போட்டது. எட்டு வருஷம், நாள் தவறாமல் காலை ஆறு மணிக்கு, அந்த அடைபட்ட புகைக்குள் உட்கார்ந்து அவள் போட்டுக் கொண்டுவந்தாளே, அந்தக் காபி. சூடு கொஞ்சம் குறைந்தாலும் அவர் முகத்தைச் சுளிப்பார்.

"ஃபேனை மாட்டட்டா, வாணாமா மொதலியாரே?" என்று பரசுராமன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

உமாபதி மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு வடிவு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மூன்று வார்த்தை அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. அவருக்கே விசித்திரமாக இருந்தது.

"காத்தாடி வாணாம்" என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து வைத்திருந்தாள். "அந்தச் சட்டத்துக்குக் கம்பியும் கதவும் போடணும். அடுப்பு, குழலி சொன்ன அந்தக் குழாய் வச்ச அடுப்பு. ஓட்டைப் பிரிச்சா ஒழுகும்னீங்க. ஒழுகாமப் பிரிக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல இல்லாமப் போயிடல."

"செஞ்சிடலாம்" என்றார் உமாபதி.

"எட்டு மணிக்கு மேலதான் அடுப்பு."

"சரி."

"டாக்டரம்மாகிட்ட போயி, ஜன்னல் இருந்துச்சு, நான்தான் அடைச்சேன்னு சொல்லிட்டு வரணும். நீங்களே போவணும்."

இதற்குச் 'சரி' உடனே வரவில்லை. டாக்டருக்கு முன்னால், வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு முன்னால், அதைச் சொல்வதை நினைத்தபோது அவருக்கு வியர்த்தது. ஆனால் தலையை ஆட்டினார்.

*

சாயங்காலம் உமாபதி சந்தைச் சுற்றிக்கொண்டு மயில்வாகனத்தின் வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து எங்கள் அடுப்பு எட்டு மணிக்கு மேல்தான் என்று சொன்னார். வாசலில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"உன் காபி?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். கேலிக்குத்தான் கேட்டார்.

உமாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்குத்தான் என் பொண்டாட்டி நுரையீரலைக் குடுத்தேன்" என்றார். கேட்டவர் எழுந்து நின்றுவிட்டார். உமாபதி திரும்பி நடந்தார். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார், இறங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் தகரப்பெட்டி திறந்திருந்தது. வடிவாம்பாள் மூன்று சேலையை மடித்து வைத்தாள். குழலி தூணுக்குப் பக்கத்தில் கண் சிவந்து நின்றாள்.

"மாகறலுக்குப் போறேன்" என்றாள் வடிவாம்பாள். "தம்பி பரமசிவம் வீட்டுக்கு. சுவரு இடிக்கிற தூசு எனக்கு ஆவாது. ஏழு மணி பஸ்ஸுக்குக் குழலி ஏத்தி விடுவா."

"நான் வந்து விட்டுட்டு வரட்டா?"

"வாணாம்."

"கோவமா வடிவு?"

அவள் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "கோவம் இல்லீங்க. தெரு சொல்லிச்சுன்னு நெனச்சுக்கினு இருந்தவரைக்கும் பாரமாத் தெரியல. இப்பத் தெரியுது."

"எப்ப வருவே?"

"ஜன்னல் ரெடியானதும் குழலி கடுதாசி போடட்டும்." வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "பாத்துட்டுச் சொல்றேன்."

பாத்துட்டு வரேன் என்று அவள் சொல்லவில்லை. உமாபதி அதைக் கவனித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் மகளும் தெருக்கோடியில் திரும்பும் வரை வாசலிலேயே நின்றார்.

அப்புறம் அடுப்படிக்குப் போனார். செங்கல் எடுத்த ஓட்டை வழியாக, எட்டு வருஷத்துக்குப் பிறகு, சந்துக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குத் தானே அடுப்பைப் பற்ற வைத்துக் காபி போடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒரு நாளும் போட்டதில்லை, பரவாயில்லை, கற்றுக்கொள்ளலாம். பொடி டப்பாவைக் கண்டுபிடித்தார். பால் சட்டியைக் கண்டுபிடித்தார்.

பித்தளை ஃபில்டரைத்தான் காணவில்லை. வடிவாம்பாள் கல்யாணத்தின்போது மாகறலிலிருந்து சீராகக் கொண்டுவந்தது அது. மாடத்தில் அது இருந்த இடத்தில் மட்டும், கரி படியாமல், வட்டமாக வெள்ளைச் சுவர் தெரிந்தது.